மேல் மாடிக்கும் எட்டுகிறதா உங்கள் வீட்டு இணையம்?



இன்று இரவு இஷாவுக்குப் பிறகு உங்கள் வீட்டை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கீழ் மாடியின் முன்னறையில் மேசையும் கதிரையும் போட்டு மகனின் கணனி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்துச் சுவரில் ரவுட்டர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஹோலில் வாப்பா கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். மகள் எங்கே? மேல் மாடியில் அவளுக்கென்று அறை இருக்கிறது. ஆனால் அவள் அங்கே இல்லை. மடிக்கணனியை முழங்காலில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். உயர்தரப் பரீட்சைக்கான இணைய வகுப்பு நடக்கிறது. அவளது அறையில் ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. இந்தப் படியில்தான் அறுபடாமல் வருகிறது. மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் அவளைத் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து வழி விடுகிறாள்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் பாதையில் உள்ள திகன போன்ற ஊர்களில் பல வீடுகளில் காணும் காட்சி. விக்டோரியாத் திட்டத்தோடு வளர்ந்த ஊர் திகன. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர் பழைய தெல்தெனிய நகரை மூடியது. இந்தப் பக்கம் புதிய வீடுகளும் கடைகளும் எழுந்தன. மலைச்சரிவில் காணி கிடைப்பது கஷ்டம். ஆகவே வீடுகள் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கி வளர்கின்றன. கீழே உம்மாவும் வாப்பாவும், மேலே சிலெப் போட்டு மூத்த மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும். குடும்பம் ஒன்று, மாடி இரண்டு அல்லது மூன்று. இணைய இணைப்போ ஒன்றே ஒன்று; அதுவும் கீழே.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகுதான் இந்தக் குறை எல்லோருக்கும் தெரிய வந்தது. 2021இல் ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள், தம் ஆசிரியையுடன் காட்டு வழியே மலையுச்சிப் பாறைக்கு ஏறிச் சென்று இணையத்தில் பாடம் படித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. படித்தபோது நம் கண்கள் கலங்கின. அந்தப் பிள்ளைகளுக்குக் கோபுரம் தூரம். அதை நாம் சரி செய்ய முடியாது. நம் மகளுக்கோ இணைப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவளுக்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரு சிலெப் மட்டும். அதையாவது நாம் தாண்டிக் கொடுக்க வேண்டாமா?

சிலெப் ஏன் தடுக்கிறது?

ரவுட்டர் வானொலி அலைகளைப் போன்ற அலைகளையே அனுப்புகிறது. இன்றைய ரவுட்டர்களில் பொதுவாக இரண்டு வகை அலைகள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ். அதன் அலை நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். மற்றது 5 கிகாஹேர்ட்ஸ். அலை நீளம் சுமார் 6 சென்ரிமீற்றர். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைத் துளைத்துச் செல்லும் சக்தி அதற்குக் குறைவு. முதலாவது மெதுவானது, ஆனால் சற்றுத் தூரம் போகும். உங்கள் தொலைபேசியில் ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர்கள் காட்டினால் அதன் காரணம் இதுதான். மேல் மாடியில் இருப்பவர் 2.4ஐத் தேர்ந்தால் ஓரளவு நன்மை கிடைக்கும்.

பலகைத் தளமாக இருந்தால் அலை எளிதாக ஊடுருவும். கொங்கிரீட்டில் சீமெந்தும் கல்லும் மட்டுமல்ல, குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி வலையும் இருக்கிறது. அலையில் ஒரு பகுதியை அந்த வலை திருப்பி அனுப்பிவிடுகிறது. இன்னொரு பகுதியைக் கொங்கிரீட் உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சமே மேலே போகிறது. இரும்பு அலுமாரி, பெரிய கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி இவையும் அலைக்கு எதிரிகள். அலுமாரிக்குப் பின்னால் ரவுட்டரை மறைத்து வைத்து, 'அழகாக இருக்கிறது' என்று திருப்திப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ரவுட்டரில் நிமிர்ந்து நிற்கும் கொம்பு, அலையை நாலா பக்கமும் சமமாக வீசுவதில்லை. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடையின் ஓட்டையில் கொம்பு செருகப்பட்டிருக்கிறது. வடை எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே அலை அதிகம். கொம்பு நேராக நின்றால் அலை பக்கவாட்டில் போகும். தலைக்கு மேலே குறைவு. இரண்டு கொம்புகள் இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் வைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

அடுத்த செலவில்லாத வைத்தியம், இடம் மாற்றுவது. வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் ரவுட்டரை மாடிப்படியின் அருகே உயரமான இடத்திற்குக் கொண்டு வாருங்கள். படிக்கட்டு இருக்கும் இடத்தில் சிலெப் திறந்திருக்கிறது. அலை அந்த வழியே மேலே ஏறும். உங்கள் மகள் ஏன் படியில் உட்கார்ந்தாள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

பகிர்ந்துகொள்ளும் கலை எப்படி வந்தது?

ஒரு வழியைப் பலர் பகிர்வது எப்படி என்ற கேள்வி புதியதல்ல. ஹவாய் தீவுகளில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்று, தீவுகளில் சிதறிக் கிடந்த தன் இடங்களை வானொலி மூலம் ஒரே கணனியுடன் இணைக்க விரும்பியது. நோர்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு 1971இல் அதைச் செய்து காட்டியது. வழி ஒன்று, பேசுகிறவர் பலர். அவர்கள் வகுத்த விதி மிக எளிமையானது. சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லிவிடு. மற்றவர் பேச்சோடு மோதிவிட்டால், சற்றுப் பொறுத்து மறுபடி சொல். எல்லோரும் ஒரே அளவு நேரம் பொறுத்தால் மறுபடியும் மோதும். ஆகவே ஒவ்வொருவரும் வேறு வேறு நேரம் பொறுக்க வேண்டும். 1973இல் அமெரிக்காவில் ரொபர்ட் மெட்கால்ஃப் இந்த எண்ணத்தையே மேம்படுத்தி, வயர் மூலம் கணனிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை வடிவமைத்தார். இன்று உங்கள் ரவுட்டரின் பின்னால் இருக்கும் சதுரத் துளைகள் அந்த ஈதர்நெட்டுக்கு உரியவை. வயரில்லாத வைஃபைக்கான முதல் தரநிர்ணயம் 1997இல்தான் வந்தது.

தொலைபேசி வயரில் இன்டர்நெட் பார்த்த காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும்! 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கணனியின் இணைப்பை மற்றக் கணனிக்கும் பகிரும் வசதி வந்தது. ஆனால் முதல் கணனியை நிறுத்தினால் மற்றவருக்கும் இல்லை. மேல் மாடியில் இருப்பவர் கீழே இருப்பவரின் தயவில் இருக்க வேண்டும். அந்த வேலையை இப்போது ரவுட்டர் என்ற சிறிய பெட்டி செய்கிறது. தயவு தேவையில்லை, ஆனால் மேல் மாடிக்கு எட்டச் செய்யும் முயற்சி மட்டும் தேவை.

நான்கு வழிகள்

ரவுட்டரை இடம் மாற்றுவது முதல் வழி. அதைச் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது, ரிப்பீட்டர். படிக்கட்டின் அருகே மின்செருகியில் செருகும் சிறு பெட்டி இது. கீழிருந்து வரும் அலையை வாங்கி மேலே திருப்பிச் சொல்லும். குசினியிலிருக்கும் உம்மாவின் செய்தியை மாடியிலிருக்கும் தாத்தாவிடம் சொல்ல, படியில் ஒரு சிறு பிள்ளையை நிறுத்தி வைப்பது போன்றது. விலை குறைவு. ஆனால் கேட்பதும் சொல்வதும் ஒரே வாயாலானால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதை மேலே, இணைப்பே எட்டாத அறையில் செருகிப் பயனில்லை; பாதி வழியில், அலை இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் செருக வேண்டும். பலர் செய்யும் தவறு இதுதான்.

மூன்றாவது, வீட்டின் மின்சார வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள். கீழே ஒன்று, மேலே ஒன்று. சுவரை உடைக்காமல் வேலை முடியும். ஆனால் மேல் மாடிக்குத் தனி மின்மானி வைத்திருந்தால் பெரும்பாலும் இது சரிவராது. மூன்று கட்ட மின்சாரம் உள்ள வீடுகளில், இரண்டு செருகிகளும் வேறு வேறு கட்டத்தில் இருந்தாலும் பலன் குறையும். வாங்கும் முன், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது வழியே சிறந்தது. கீழிருந்து மேலுக்கு ஒரு வயர். கெட்-5ஈ அல்லது கெட்-6 என்று கேட்டு வாங்குங்கள். இந்த வயர் 100 மீற்றர் வரை குறையின்றி வேலை செய்யும். நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் 20, 25 மீற்றரே போதும். அதற்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சமமாகத் தாக்கி, ஒன்றையொன்று கழித்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்த முறுக்கு. ஆகவே முனையில் தேவைக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. கம்பிகளின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரு முனையிலும் இதே வரிசை.

மின்சார வயர் போகும் அதே குழாய்க்குள் இந்த வயரைப் போடவே கூடாது. 230 வோல்ட் ஓடும் வயரில் எங்காவது உறை கிழிந்திருந்தால் ஆபத்து உங்கள் பிள்ளையின் கைக்கே வரும். தனிக் குழாய் போடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்கள், சிலெப் போடும் முன்பே ஒரு வெற்றுக் குழாயைப் புதைக்கச் சொல்லுங்கள். பிறகு துளை போடுவதற்கு ஆகும் செலவுடன் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சிலெப் போட்ட வீட்டில் கம்பியை அறுத்துத் துளைக்க வேண்டியதில்லை. படிக்கட்டுச் சுவர் ஓரமாகவோ, ஜன்னல் சட்டத்தின் மூலை வழியாகவோ கொண்டு போகலாம்.

பழைய ரவுட்டரை எறிய வேண்டாம்

மேலே போன வயரின் முனையில் என்ன வைப்பது? கணனிக்கு நேராகச் செருகலாம். தொலைபேசிக்கும் வேண்டுமென்றால், அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய ரவுட்டரை எடுங்கள். பொருத்தும் முன் அதில் மூன்று வேலைகள் செய்ய வேண்டும்.

ஒன்று, அதன் முகவரியை மாற்றுங்கள். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் மேலே உள்ளதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். இரண்டு, டி.எச்.சி.பி. என்ற வசதியை மேலே உள்ள பெட்டியில் மட்டும் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கணனிக்கும் இலக்கம் கொடுக்கும் வேலை அது. ஒரு தெருவில் இரண்டு பேர் வீட்டு இலக்கம் எழுதினால் தபால்காரர் பாடு என்னாகும்? ஒருவரே எழுதட்டும். மூன்று, வயரை நிறம் வேறுபட்டுத் தனியாக இருக்கும் துளையில் செருகாமல், வரிசையாக இருக்கும் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இரு மாடியிலும் ஒன்றாக இருந்தால், தொலைபேசி தானே மாறிக்கொள்ளும். அலைவரிசையை மட்டும் 2.4இல் கீழே 1 என்றும் மேலே 6 அல்லது 11 என்றும் வையுங்கள். அப்போது ஒன்று மற்றதை இடைஞ்சல் செய்யாது.

ஓர் எச்சரிக்கை. வயரின் இரு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிடக் கூடாது. சிறு பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது இது. செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, முழு வீட்டின் இணையமும் நின்றுவிடும். பெரிய வலையமைப்புகளில் இந்தச் சுழற்சியைத் தடுக்கும் முறையை 1985இல் வகுத்தவர் ரேடியா பேர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர். அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வலையமைப்புகள் விரிந்து பெருக அவரது வேலை உதவியது. 'வயர் வேலை ஆம்பிளைகள் வேலை' என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்! வீட்டில் பாவிக்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அந்த முறை இருப்பதில்லை. ஆகவே திடீரென்று எல்லாம் நின்றால் முதலில் வயர்களைப் பாருங்கள்.

சஹனைப் போல

வயர் போட்டாகிவிட்டது. இனிப் பங்கீடு. கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். தட்டு ஒன்று, ஆனால் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் இருப்பதையே எடுக்கிறோம். நடுவில் இருக்கும் இறைச்சியை ஒருவரே இழுத்துக்கொண்டால் மற்றவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். ஆனால் மனம் வாடும். வீட்டு இணையமும் ஒரு சஹன்தான். மேலே மருமகன் படம் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே ஒருவரின் வகுப்பு அறுகிறது. அவள் வாய் திறப்பதில்லை.

தொலைபேசி வயரில் வரும் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் உள்ளே வரும் பாதை அகலம், வெளியே போகும் பாதை மிகக் குறுகல். ஒருவருடைய தொலைபேசி நூறு புகைப்படங்களை மேலேற்றத் தொடங்கினால், மற்றவரின் வகுப்பில் அவரது குரல் ஆசிரியருக்குப் போகாது. கண்ணாடி இழை இணைப்பில் இந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் ஓர் ஒழுங்கு செய்யுங்கள். வகுப்பு நேரங்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் பெரிய பதிவிறக்கம் இல்லை. கணனிகளின் புதுப்பித்தல், படங்களின் சேமிப்பு எல்லாம் எல்லோரும் உறங்கிய பிறகு. வளைகுடாவிலிருந்து மகன் பேசும் நேரமும் அந்தத் தாளில் இருக்கட்டும். மாதக் கட்டணத்தை மேல் மாடியும் கீழ் மாடியும் எப்படிப் பகிர்வது என்பதையும் முன்கூட்டியே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பேசாத கணக்கு மனத்தாங்கலாக வளரும்.

வெளியே ஒரே பெயர்

இன்னொரு விஷயத்தையும் நாம், குறிப்பாகத் திகனவாசிகள், மறக்கக் கூடாது. இணையத்தின் பழைய முகவரி முறையில் சுமார் 430 கோடி இலக்கங்களே உண்டு. உலகில் உள்ள கருவிகளுக்கு அது போதாது. ஆகவே ஒரு வீட்டில் எத்தனை கணனி இருந்தாலும், வெளியே ஒரே இலக்கமாகக் காட்டும் முறை 1994இல் வெளியிடப்பட்டது. நம் ரவுட்டர்கள் செய்வது அதைத்தான். மேல் மாடியில் யார் என்ன அனுப்பினாலும், வெளியே அது கீழ் மாடியில் வாப்பாவின் பெயரில் பதிந்த இணைப்பிலிருந்து போனதாகவே இருக்கும்.

2018 மார்ச் 5 அன்று திகனவில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். வெறுப்புச் செய்திகள் தொலைபேசிக்குத் தொலைபேசி பரவியது அந்த நெருப்புக்கு எண்ணெய் ஆனது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பழகிய வழியில் உம்மாவின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள். தன் தளம் அப்போது தவறாகப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. ஒரு வரிச் செய்தி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவே உறுதியில்லாத செய்தி எதுவும் நம் வீட்டு இணைப்பிலிருந்து வெளியே போகக் கூடாது என்பது இரு மாடிக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும்.

கடவுச்சொல் அமானிதம். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். விருந்தாளிகளுக்கு, ரவுட்டரில் 'கெஸ்ட்' என்ற தனிப் பெயரைத் திறந்து கொடுங்கள். அடுத்த வீட்டாருக்கு இணைப்பைப் பகிரும் முன் உங்கள் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

இடியும் இருட்டும்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைப்பக்கம் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். செப்புத் தொலைபேசி வயர் மின்னலைக் கொண்டு வரும். ரவுட்டரை மின்சாரத்திலிருந்தும் தொலைபேசி வயரிலிருந்தும் கழற்றி வையுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டியின் மின்செருகி கடத்தும். வீட்டுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்துக்குச் செப்பு வயர் தொங்க விடுவதைத் தவிருங்கள்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. அந்தக் காலத்தில் ரவுட்டருக்கென்று சிறிய 12 வோல்ட் மின்கலப் பெட்டி வாங்கியவர்கள் உண்டு. அதை வைத்திருப்பவர்கள், மேலே உள்ள பெட்டிக்கும் ஒன்று வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கீழே மட்டும் விளக்கு எரிந்தால் மகள் மறுபடியும் படிக்கு வந்துவிடுவாள்.

சகோதரிகளே, வீட்டில் எந்த வசதி வந்தாலும் அது முதலில் யாருக்குக் கிடைக்கிறது, கடைசியில் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்கும் கண் நமக்கு வேண்டும். மகனுக்கு மேசையும் மகளுக்குப் படியும் என்று யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ரவுட்டரைப் பொருத்த வந்தவர் வாசலுக்கு அருகே பொருத்திவிட்டுப் போனார். மற்றதெல்லாம் தானாக நடந்தது. தானாக நடந்ததைத் திருத்த இருபது மீற்றர் வயரும் ஒரு பிற்பகலும் போதும். இந்த வார இறுதியில் அதைச் செய்யுங்கள். அடுத்த வகுப்புக்கு உங்கள் மகள் தன் அறையில், கதிரையில், கதவைச் சாத்திக்கொண்டு அமரட்டும். மாடிப்படி எல்லோரும் ஏறி இறங்குவதற்காக இருக்கட்டும்.